பலெர்மோவில் சாப்பிடப் போகிறீர்களா? தெருவிலிருந்து தொடங்குங்கள்

சிசிலித் தீவின் தலைநகரம் பலெர்மோ. படிக்கவோ, வேலைக்கோ, சுற்றிப் பார்க்கவோ அங்கே முதல் முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில், நாலு மொழியில் படத்தோடு மெனு மாட்டியிருக்கும் கடையில் உட்கார்ந்து பீட்சா சொல்வார்கள். பீட்சா நாப்போலி நகரத்தின் சொத்து. பலெர்மோவின் சாப்பாடு வேறு. அது சந்தையிலும் தெருமுனை எண்ணெய்ச் சட்டியிலும்தான் தொடங்குகிறது. மேசை, நாற்காலி, கண்ணாடிக் கிண்ணமெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் இந்த வழிகாட்டியும் தெருவில் தொடங்கி உள்ளே போகிறது. இந்த வரிசையிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து நாளில் ஊரின் ருசி பிடிபட்டுவிடும்.

ஒரு சின்னப் பின்னணி. 831-ல் பலெர்மோ அரபுப் படைகளின் கைக்கு வந்தது. 1072-ல் நார்மன்கள் பிடித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எலுமிச்சை, கரும்பு, கத்தரிக்காய், அரிசி எல்லாம் இந்த மண்ணில் ஊன்றின. மீன் பாஸ்தாவில் உலர்திராட்சை கிடப்பதையும், கத்தரிக்காயில் புளிப்போடு சர்க்கரை சேர்வதையும் பார்த்துத் திகைக்க வேண்டாம். இங்கே அது ஆயிரம் வருஷப் பழக்கம்.

முதலில் நேரத்தைப் பழகுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பட்டினி கிடப்பது காசில்லாமல் அல்ல, நேரம் தெரியாமல். உணவகங்களில் மதியச் சாப்பாடு சுமார் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை. அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான், உள்ளூர்க்காரர்கள் ஒன்பதுக்குத்தான் வருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு தருகிற கடை என்றால் அது சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடக்கிற கடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு இரவிலும் திங்கட்கிழமையிலும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய நாட்களில் ஊரே கடற்கரைக்குப் போய்விடும். அந்த வாரம் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இடையில் பசித்தால் மூன்று வகைக் கடைகளை நம்பலாம். பொரித்த பண்டம் விற்கும் கடைக்கு ஃப்ரிஜித்தோரியா என்று பெயர். மாவுக்குள் எதையாவது வைத்துச் சுட்டும் பொரித்தும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பது ரொஸ்தித்செரியா. மூன்றாவது 'பார்'. இங்கே பார் என்றால் காபிக் கடை. காலையில் குழந்தைகளோடு பாட்டிமார் நிற்கும் இடம் அது, தயங்காமல் நுழையுங்கள்.

காபிக் கடையில் நிற்கப் பழகுங்கள்

பல பார்களில் முதலில் கஸ்ஸாவில் (கல்லாப்பெட்டி) காசு கட்டி, ஸ்கொந்த்ரீனோ என்கிற ரசீதை வாங்கி, அதைக் கொண்டுபோய்க் காபி போடுகிறவர் முன் வைக்க வேண்டும். சில இடங்களில் குடித்துவிட்டுக் கட்டலாம். முன்னால் நிற்கிறவரைப் பார்த்துச் செய்தால் போதும். 'உன் கஃபே' என்று கேட்டால் வருவது எஸ்பிரெஸ்ஸோ. இரண்டு மடக்கு இருக்கும், கூடவே ஒரு சின்னக் குவளைத் தண்ணீரும் வரும். தண்ணீரை முதலில் குடிப்பது இங்கத்திய வழக்கம். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. வித்தியாசம் சில கடைகளில் இரட்டிப்பாகவும் இருக்கும்.

பால் சேர்த்த கப்புச்சீனோ காலையோடு சரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் தரமாட்டார்கள் என்பதில்லை. ஆனால் வயிறு நிறைந்த பிறகு பால் எதற்கு என்பதுதான் அவர்கள் எண்ணம்.

கோடைக்காலக் காலைச் சாப்பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள். தலையில் சின்னக் கொண்டை வைத்த பிரியோஷ் என்னும் மெத்தென்ற பன், கூடவே ஒரு கிண்ணம் க்ரனீத்தா. பாதாம், எலுமிச்சை, காபி, மல்பெரி என்று வகைகள் உண்டு. பனிக்கட்டியை உடைத்துச் சாறு ஊற்றுவதல்ல, கலவையையே கிளறிக் கிளறி உறைய வைத்தது. பன்னின் கொண்டையை முதலில் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். என் கணக்கில் பாதாம்தான் முதலிடம். இதே பன்னைப் பிளந்து ஐஸ்கிரீம் நிரப்பித் தருவதும் இங்கே சகஜம். முப்பத்தைந்து டிகிரி வெயிலில் அதை மதியச் சாப்பாடாகவே வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

இப்போது தெரு

பல்லரோ சந்தைக்குப் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அல்பெர்கெரியா என்னும் பழைய பகுதியில், வளைந்து வளைந்து போகிற சந்துகள் முழுக்கக் கடைகள். காலை பத்து மணி வாக்கில் போனால் மீன் கடைக்காரர்கள் ராகம் போட்டுக் கூவுவதைக் கேட்கலாம். காப்போ சந்தை இதைவிடக் கொஞ்சம் ஒழுங்கு. வுச்சிரியா பகலில் ஓய்ந்து கிடக்கும், இரவில் இளைஞர் கூட்டமும் கரிப்புகையும் நிறைந்துவிடும். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பல்லரோவைத்தான் சொல்வேன்.

அங்கே முதல் கடி பானெல்லேவாக இருக்கட்டும். கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் நறுக்கிய பார்ஸ்லியும் போட்டு, களி கிண்டுவதுபோல் கை ஓயாமல் கிண்டுவார்கள். சட்டியின் ஓரத்தை விட்டு மாவு விலகியதும் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, வில்லை போட்டுப் பொரிப்பார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. எள் தூவிய ரொட்டியைப் பிளந்து ஏழெட்டு வில்லைகளை அடுக்கி, எலுமிச்சையைப் பிழிந்து கையில் கொடுப்பார்கள். கூடவே க்ரொக்கே என்ற, மசித்துப் பொரித்த உருளைக்கிழங்கையும் சேர்த்து வைக்கச் சொல்லலாம். இரண்டு மூன்று யூரோவில் ஒரு வேளை பசி தீர்ந்துவிடும். சட்டியிலிருந்து நேராக ரொட்டிக்குப் போவதைத்தான் வாங்க வேண்டும். தட்டில் ஆறிக் கிடந்தால், 'கால்தோ' (சூடாக) என்று ஒரு வார்த்தை சொல்லிக் காத்திருங்கள். இரண்டே நிமிஷம்தான்.

அடுத்தது அரஞ்சீனா. குங்குமப்பூ நிறச் சோற்றை உருண்டையாகப் பிடித்து, உள்ளே நிரப்பல் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. பலெர்மோவில் அது உருண்டை, பெயர் அரஞ்சீனா. தீவின் கிழக்கே கட்டானியாவில் கூம்பு வடிவம், பெயர் அரஞ்சீனோ. இந்த ஊரில் கடைசி எழுத்தை மாற்றிச் சொன்னால் கட்டாயம் திருத்துவார்கள். 'அல்லா கார்னே' என்றால் இறைச்சிக் குழம்பும் பட்டாணியும். 'அல் புர்ரோ' என்றால் வெண்ணெய் என்று நினைத்து ஏமாறாதீர்கள். உள்ளே பாலாடைக்கட்டியோடு பன்றித்தொடை இறைச்சித் துண்டும் இருக்கும்.

ஸ்ஃபின்ச்சோனேவை மூன்று சக்கர வண்டியில் விற்று வருவார்கள். வண்டி பியாஜோ நிறுவனத்தின் ஆப்பே, நம் ஊரில் ஆட்டோவாக ஓடும் அதே பெயர். ஒலிபெருக்கியில் கூவல் கேட்கும் திசையில் போனால் போதும். பஞ்சுபோல் தடிமனான ரொட்டி, மேலே தக்காளி, வதக்கிய வெங்காயம், ஒரேகானோ, ரொட்டித் தூள். நெத்திலி வகை மீனும் அதில் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இனி உறுப்பு இறைச்சி. பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், ஆனால் பலெர்மோவின் பெருமையே இதில்தான் இருக்கிறது. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லியதாக நறுக்கி, பன்றிக்கொழுப்பில் வதக்கி, வட்ட ரொட்டிக்குள் வைத்துத் தருவது பானி கா மேவுசா. எலுமிச்சை மட்டும் போதும் என்றால் 'ஸ்கியெத்தா' என்று கேளுங்கள், ரிக்கோத்தாவும் (மென்மையான பால்கட்டி) துருவிய பாலாடைக்கட்டியும் சேர வேண்டும் என்றால் 'மரிதாத்தா'. முதல் முறைக்கு இரண்டாவதே நல்லது, ரிக்கோத்தா அந்தக் கனத்த வாசனையைச் சமன்செய்துவிடும். 1834 முதல் நடக்கும் அன்தீக்கா ஃபோக்காச்செரியா சான் ஃபிரான்செஸ்கோ இதற்குப் பெயர்போனது. ஸ்டிகியோலா என்பது வெங்காயத்தாளைச் சுற்றி ஆட்டுக்குடலைச் சுருட்டிக் கரியில் வாட்டுவது. புகை எழும்பும் மூலையை நோக்கி நடந்தால் கடை வந்துவிடும். குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அறிமுகம் தேவைப்படாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது எப்படி

சைவம் சாப்பிடுகிறவர்களும், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தவிர்ப்பவர்களும் இந்த ஊரில் நன்றாகவே சாப்பிடலாம். கேட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். 'வெஜெத்தரியானோ' என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வந்து நிற்கலாம். 'நோன் மாஞ்சோ கார்னே, நே பேஷ்ஷே' (இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன்) என்று முழுதாகச் சொல்லுங்கள். வேண்டாததின் பெயருக்கு முன்னால் 'சென்ட்சா' சேர்த்தால் 'அது இல்லாமல்' என்று பொருள்படும்.

மெனுவில் கண் ஓட வேண்டிய சொற்கள் இவை: விதெல்லோ கன்று, மன்ட்சோ மாடு, மயாலே பன்றி, ப்ரோஷூத்தோ பன்றித்தொடை, ஸ்த்ரூத்தோ பன்றிக்கொழுப்பு, அச்சூகே நெத்திலி வகை மீன், உவோவா முட்டை. இதில் ஸ்த்ரூத்தோதான் ஒளிந்திருப்பது. ரொட்டி மாவிலும் இனிப்பின் ஓட்டிலும் சேரும். கண்டிப்பான சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ, காச்சோகவால்லோ போன்ற பழைய முறைப் பாலாடைக்கட்டிகளுக்குப் பாலை உறைய வைப்பது கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த நொதியால். பானெல்லேயில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அதே எண்ணெயில் இறைச்சி உருண்டையும் பொரிகிறதா என்பதை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நிலக்கடலை, பால், கோதுமை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்ற விவரத்தை உணவகம் தந்தாக வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சைவத்தில் தேடிச் சாப்பிட வேண்டியவற்றில் முதலில் கப்போனாத்தா. பொரித்த கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் மொட்டு, தக்காளி, வினிகர், சர்க்கரை. ஆறிய பிறகுதான் பரிமாறுவார்கள், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். காச்சோகவால்லோ அல்லார்ஜென்தியேரா என்பது தடித்த பாலாடைக்கட்டித் துண்டைப் பூண்டோடு வாணலியில் வாட்டி, வினிகரும் ஒரேகானோவும் தெளித்தது. வசந்த காலத்தில் போனால் ஃப்ரித்தெத்தா கேளுங்கள். பச்சை மொச்சை வகை, பட்டாணி, ஆர்ட்டிசோக் மூன்றும் சேர்ந்து வெந்தது, சில வாரங்கள்தான் கிடைக்கும். குளிர்காலத்தில் ஆரஞ்சு சாலட் வரும். அதில் சில கடைகளில் புகையூட்டிய மீன் சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள். கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த நோர்மா பாஸ்தா கட்டானியாவின் பண்டம், ஆனாலும் இங்கே எங்கும் கிடைக்கும்.

காரம் எதிர்பார்க்க வேண்டாம். வேண்டுமென்றால் 'பெப்பரொன்ச்சீனோ' கேட்டால் மிளகாய் வரும். வீட்டுச் சமையலுக்குத் தூளும் பருப்பும் தேடுகிறவர்கள் பல்லரோ பக்கத்திலேயே இலங்கை, வங்கதேசக் கடைகளைப் பார்க்கலாம். ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் இந்த நகரத்தில் கணிசமாக இருக்கிறார்கள். நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலைமேல், கிறிஸ்தவர் இந்து என்ற பேதமில்லாமல் தமிழ்க் குடும்பங்கள் ஏறிப்போவதை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம்.

மேசையில் உட்காரும் நாள்

ரிஸ்தொரான்தே என்றால் கொஞ்சம் தோரணை, த்ரத்தோரியா என்றால் குடும்பமாக நடத்தும் எளிய கடை என்பது பொதுக் கணக்கு. பெயரைவிட மெனுவைப் பாருங்கள். ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு பண்டம், அதுவும் கையால் எழுதியிருந்தால் நம்பலாம். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடை வேண்டாம்.

உள்ளே போனதும் நேராக மேசையில் உட்காராமல், எத்தனை பேர் என்று சொல்லி அவர்கள் காட்டும் இடத்தில் உட்காருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு இல்லாமல் நல்ல கடையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

மெனு நாலைந்து அடுக்காக இருக்கும். அன்திபாஸ்தோ தொடக்கத்துக்கு. ப்ரீமோ என்பதில் பாஸ்தா வகைகள், செக்கோன்தோ என்பதில் மீன், இறைச்சி. கொன்தோர்னோ என்ற காய்கறியைத் தனியாகச் சொன்னால்தான் வரும். எல்லாவற்றையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு பேர் போனால் ஒரு அன்திபாஸ்தோவைப் பகிர்ந்து, ஆளுக்கொரு ப்ரீமோ சொன்னால் வயிறு நிறையும்.

முதல் ப்ரீமோ பாஸ்தா கொன் லே சார்தே ஆகட்டும். மத்தி வகை மீனும், காட்டுப் பெருஞ்சீரகத்தின் இலையும், உலர்திராட்சையும், பைன் கொட்டையும், குங்குமப்பூவும் சேர்ந்தது. மேலே பாலாடைக்கட்டி தூவமாட்டார்கள், வறுத்த ரொட்டித் தூள்தான். பாலாடைக்கட்டி வாங்க முடியாத ஏழைகள் கண்ட மாற்று என்பார்கள். எனக்கு இந்தப் பண்டத்தில் அந்தத் தூளின் கருகல் மணம்தான் உயிர். மீன் பாஸ்தாவுக்குப் பாலாடைக்கட்டி கேட்காமல் ஒரு முறை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.

முழு மீன் சொல்லும்போது விலையை இரண்டு முறை படியுங்கள். 'அல்லெத்தோ' என்று போட்டிருந்தால் அது நூறு கிராமின் விலை. ஆறு யூரோ என்று நினைத்துச் சொன்ன மீன் அறுநூறு கிராம் இருந்தால் முப்பத்தாறு யூரோ ஆகிவிடும். சமைக்கும் முன் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, எடையையும் கேளுங்கள். அதைத் தவறாக யாரும் நினைக்கமாட்டார்கள். பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த சரக்கு.

தண்ணீர் பெரும்பாலும் பாட்டிலில்தான் வரும், காசு உண்டு. 'நத்துராலே' என்றால் சாதாரணத் தண்ணீர், 'ஃப்ரித்சான்தே' என்றால் வாயு ஏற்றியது. ரசீதில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை இருக்கும். ரொட்டிக்கும் மேசைவிரிப்புக்குமான கட்டணம் அது, மோசடி இல்லை. ஆனால் மெனுவில் முன்பே அச்சிட்டிருக்க வேண்டும். இன்னும் வரவில்லையே என்று ரசீதுக்காகக் காத்துக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் கேட்காமல் ரசீது நீட்டுவது இங்கே மரியாதைக் குறைவு. 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்று சொன்னால்தான் வரும். டிப்ஸ் கட்டாயமில்லை, மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைத்துவிட்டு வரலாம். கடைகளில் அட்டை செல்லும், தெரு வண்டிகளுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் ஒன்று உண்டு. இந்த ஊரில் கடைக்காரர்களிடம் மாஃபியா பறிக்கும் மாமூலுக்கு எதிராக 2004-ல் இளைஞர்கள் சிலர் அத்தியோபிட்சோ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மாமூல் கொடுக்கமாட்டேன் என்று உறுதி சொன்ன கடைகள் வாசலில் அதன் ஒட்டுவில்லையை வைத்திருக்கும். இரண்டு கடை ஒரே தரம் என்றால் ஒட்டுவில்லை இருக்கும் கடைக்குள் போங்கள். நாம் கொடுக்கும் பத்து யூரோ அங்கே ஒருவருடைய துணிச்சலுக்குத் துணை நிற்கிறது.

இனிப்பு

கன்னோலோ என்ற பொரித்த குழல் இனிப்பை வாங்கும்போது ஒரே விதி. ஏற்கெனவே நிரப்பி அடுக்கியிருந்தால் வேண்டாம். நீங்கள் கேட்ட பிறகு, வெறும் ஓட்டில் ரிக்கோத்தாவை நிரப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் ஓடு நமுத்துப்போகும். ரிக்கோத்தா செம்மறிப் பாலில் செய்தது, குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை அதன் ருசியே தனி. ஓட்டில் பன்றிக்கொழுப்பும் மார்சாலா ஒயினும் சேர்ப்பது வழக்கம் என்பதால் தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கஸ்ஸாத்தா என்ற ரிக்கோத்தா கேக் பயங்கர இனிப்பு, பச்சை பாதாம் பூச்சோடு சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள் மேலே மின்னும். சின்ன அளவில் கஸ்ஸாத்தீனா கிடைக்கும், ஒருவருக்கு அதுவே போதும். பெல்லீனி சதுக்கத்தில் சாந்தா கத்தரீனா மடத்துக்குள்ளேயே ஒரு இனிப்புக் கடை இருக்கிறது. கன்னியாஸ்திரிகளின் பழைய செய்முறைகளை வைத்து நடத்துகிறார்கள். வாங்கிக்கொண்டு போய் மடத்தின் முற்றத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

கோடையில் ஜெலோ தி மெலோனே. தர்ப்பூசணிச் சாற்றை மாவுச்சத்தோடு காய்ச்சி உறைய வைத்து, மல்லிகை மணமேற்றியது. சைவம், குளிர்ச்சி, விலையும் குறைவு.

நாள்காட்டியையும் பாருங்கள்

பலெர்மோவில் சில பண்டங்களுக்கு நாள் உண்டு. சாந்தா ரொசாலியாவின் திருவிழா ஜூலை 14 இரவு. அன்று பூண்டும் பார்ஸ்லியும் போட்ட சின்ன நத்தைகள், அவித்த சோளம், வறுத்த கொண்டைக்கடலை, தர்ப்பூசணி எல்லாம் கடற்கரைச் சாலை வரை வண்டி வண்டியாக நிற்கும். நவம்பர் 2, இறந்தோர் நாளில் குழந்தைகளுக்குப் பாதாம் மாவில் செய்து வண்ணம் தீட்டிய மர்த்தொரானாப் பழங்கள் கிடைக்கும். மார்ச் 19 சான் ஜூசெப்பே நாளில் ரிக்கோத்தா ஏற்றிய ஸ்ஃபின்ச்சே என்னும் பொரித்த இனிப்பு.

டிசம்பர் 13 சாந்தா லூச்சியா நாள். 1646-ல் பஞ்சம் வாட்டியபோது தானியக் கப்பல் கரைசேர்ந்ததாகவும், பசி தாங்காமல் மக்கள் அரைக்காமலே முழுக் கோதுமையை அவித்துச் சாப்பிட்டதாகவும் சொல்வார்கள். அதன் நினைவாக இன்றும் அன்று நகரத்தில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. பானெல்லே, அரஞ்சீனா, பிறகு அவித்த கோதுமையில் ரிக்கோத்தா கலந்த குச்சீயா, இவைதான் சாப்பாடு. காலையிலேயே கடை வாசலில் வரிசை நீளும். பழக்கமான ரொஸ்தித்செரியாவில் முந்தைய நாளே எண்ணிக்கை சொல்லி வைத்து, பதினொரு மணிக்குள் போய் வாங்கிவிடுங்கள். மதியத்துக்குள் இறைச்சி இல்லாத வகைகள் தீர்ந்துவிடும்.